மூன்றாம் லைனின் ஒற்றை டோக்கன்

கிருபாசங்கரைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூடானில் ஒரு குழந்தை பசியால் அழுகிற வீடியோவைப் பார்த்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. பீளமேட்டுக்கு அப்பால் ஒரு கார்மெண்ட்ஸில் மூன்றாம் லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர். முப்பத்திரண்டு தையல் மெஷின், முப்பத்திரண்டு பெண்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த வீடியோவை அவர்களுக்கும் காட்டுவான். நல்ல மனுஷன்தான். அதில்தானே வினையே!

லைனில் யார் என்ன குறை சொன்னாலும் போன் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்துவிடும். ஃபேன் ஓடவில்லை என்றால், குண்டு விழுந்து கூரையே இல்லாமல் போன ஊரைக் காட்டுவான். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்றால், தட்டேந்தி நிற்கிற அகதிக் கூட்டத்தைக் காட்டுவான். "இதைப் பாருங்க கண்ணு. நம்மளுக்கெல்லாம் ஒரு குறையுமே இல்லீங்க." அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது?

இந்த வித்தை அப்பாவிடமிருந்து வந்தது. தாராபுரத்துப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். கிருபாசங்கருக்கு அப்போது ஏழு வயது. களையெடுக்க வந்தவர்களில் ஒருவர், கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தது போதும், எங்களுக்கும் ஒரு டம்ளர் வையுங்கள் என்று கேட்டுவிட்டார். அப்பா அங்கப்பன் கோபப்படவே இல்லை. "ஏப்பா, ரேடியோவுல கேட்டியா? எத்தியோப்பியாவுல குடிக்கத் தண்ணியே இல்லாம சனம் சாகுது. உனக்கு டம்ளர் கேக்குதா?" என்றார். கேட்டவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடியும் கையைக் குவித்தார். அப்பாவுக்கு உலகமே தெரிந்திருக்கிறது என்று மகன் பூரித்துப்போனான்.

சரி, டோக்கனுக்கு வருவோம். மூன்றாம் லைனில் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். நம்பர் எழுதிய மரக்கட்டை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வந்து மாட்டும் வரை மற்ற முப்பத்தோரு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

பாப்பாயிக்கு ஐம்பத்து மூன்று வயது, சர்க்கரை வியாதி. தண்ணீர் குடிக்காமல் அவளால் இருக்க முடியாது. குடித்தால் அடக்கவும் முடியாது. ஒரு திங்கட்கிழமை அவன் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், இன்னும் ஒரே ஒரு டோக்கன் மாட்டி உட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

மேனேஜரிடம் கேட்டால் திட்டு விழும். கிருபாசங்கருக்கு அந்த பயம். அதைச் சொல்லவில்லை, போனை எடுத்தான். ஏதோ ஓர் அகதி முகாமில் ஒற்றைக் கழிப்பறை, அதன் முன்னால் முடிவில்லாத வரிசையில் பெண்கள்.

"பாருங்க அம்மணி. அவங்கெல்லாம் எப்படிப் பொறுத்துக்கறாங்க? நம்மளால பத்து நிமிஷம் முடியாதுங்களா?"

பாப்பாயி முழுக்கப் பார்த்தாள். "ஐயோ பாவமே" என்றாள், உண்மையாகவே. போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை ஷிப்மெண்ட் அவசரம். பதினொரு மணிக்கு டோக்கன் வெளியே போயிருந்தது. பாப்பாயி எழுந்து ஆணியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். இன்னொரு முறை எழுந்தாள். கிருபாசங்கர் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பீஸ் எண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பாப்பாயியின் மடியெல்லாம் ஈரம். ஸ்டூலிலிருந்து தரையில் சொட்டியது. "கை தவறிப் போச்சுங்க" என்றாள். பக்கத்து மெஷின் நவ்யா, வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளை அள்ளி வந்து துடைத்தாள். கிருபாசங்கர் கிட்டே போனான். வாடை அடித்தது. பாட்டில் தானாக விழவில்லை, பாப்பாயிதான் மடியில் கவிழ்த்துக்கொண்டாள் என்று புரிந்துவிட்டது.

"ஊட்டுக்குப் போங்க அம்மணி" என்றான்.

"அதெல்லாம் வேண்டாமுங்க சார்." பாப்பாயி அவனைத் தேற்றுகிற மாதிரி சிரிக்க வேறு செய்தாள். "அந்த ஊருப் பொம்பளைங்க படுற பாட்டுக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரமுங்க. நானும் பொறுத்துத்தான் பார்த்தனுங்க. முடியாமப் போயிருச்சு. தப்பா நெனைச்சுக்காதீங்க."

மன்னிப்பு! அதுவும் அவனிடம்! செருப்பால் அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. தோட்டத்தில் குவிந்த அந்தக் கை கண்முன் வந்தது. அந்த மனிதரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று உடம்பெல்லாம் கூசியது. எங்கோ சாகிற சனத்தின் துயரத்தை, பக்கத்தில் இருப்பவள் வாயை அடைக்கிற துணியாக அல்லவா இத்தனை வருஷம் சுருட்டி வைத்திருந்தான்!

டோக்கன் திரும்பி வந்ததும் அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினான். "இனிமே டோக்கன் கிடையாதுங்க. வேணுங்கறப்ப எந்திரிச்சுப் போங்க. மேனேஜர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றான்.

மறுநாள் பத்தரை மணி வரை ஒருத்தியும் எழவில்லை. வெறும் ஆணியைப் பார்ப்பார்கள், அவன் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி தைப்பார்கள். அவன் போன் மேஜையில் குப்புறக் கிடந்தது. கடைசியில் பாப்பாயிதான் எழுந்தாள். ஈரம் பட்டாலும் தெரியாத கருப்புச் சேலை கட்டி வந்திருந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. அவன் மேஜைக்கு வந்து கைகட்டி நின்றாள்.

"நெசமாலுமே போலாமுங்களா, சார்?"

அவனைவிட ஐந்து வயது மூத்தவள். கிருபாசங்கர் தலையை ஆட்டினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க மட்டும் அவனால் முடியவில்லை.