கழிப்பறையில் சாப்பிட்டவள்

மாணவியர் கழிப்பறைக் கதவின் அடியில் ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு நீலநிறச் சாப்பாட்டு டப்பாவின் மூடி. ஓய்வு மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தட்டினேன். உள்ளே இருப்பது யாரென்று தெரியும். அவளை அங்கே துரத்தியதே நான்தான்.

பாயா ரும்புட் பக்கம் ஒரு மலாய்வழி இடைநிலைப்பள்ளி. அங்கே நான் அறிவியல் ஆசிரியை. முதல் படிவ வகுப்பில் அவள் ஒருத்திதான் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். முதல் நாள் வகுப்பில் நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து, மலாயில், "செலாமாட் பாகி, சிக்கு" என்றார்கள்; காலை வணக்கம், ஆசிரியர் என்று பொருள். இவள் மட்டும் ஆறு வருடப் பழக்கத்தில், கைகூப்பி, உரத்த குரலில் "வணக்கம் ஆசிரியர்!" என்றாள். வகுப்பே சிரித்தது. பதிலுக்கு நானும் ஒரு வணக்கம் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். தமிழ்ப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. "இது தமிழ்ப்பள்ளி இல்லை," என்று மலாயில் சொன்னேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. என் வாய்க்கொழுப்பு!

மூன்றாம் வாரம் அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு வந்து நின்றார். "டீச்சர், டெய்லி காலைல வயித்த வலின்னு சுருண்டு படுத்துக்கிறா. கிளினிக்ல ஒன்னும் இல்லன்னுட்டாங்க. ஸ்கூலே வேணாங்கிறா. நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் இங்க சேர்த்தேன்."

அன்றுதான் ஓய்வு நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். கழிப்பறைக் கதவை இரண்டாம் முறை தட்டியபோது குரல் வந்தது. "இங்கயே சாப்பிட்டுக்கிறேன், சிக்கு. யாருக்கும் தொல்லை இல்ல." அந்தக் குரலில் அழுகைகூட இல்லை. "தப்பு என்னோடதும்மா," என்றேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் நின்று, மலாயிலேயே, அன்று நான் சொன்னது தவறு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் தலை தூக்கவுமில்லை. ஆனால் ஓய்வு மணி அடித்ததும் முன்வரிசை மலாய்ப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகப் போக வயிற்று வலியும் விட்டது.

இப்போது அவள் ஐந்தாம் படிவம். தோழிகள் கூட்டத்தின் நடுவே கலகலவென்று வருகிறாள். பள்ளியிலுள்ள மற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் ஆசிரியர், டீச்சர். அவள் மட்டும் சிரித்த முகமாக, மரியாதையாக, "சிக்கு" என்கிறாள். திருத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?