படம் தராத வீடு

இசோனோ தோமியே அந்தத் துறைமுக ஊரின் நாளிதழில் சேர்ந்தபோது, யாருக்கும் பிடிக்காத வேலையை அவள் தலையில் கட்டினார்கள். செத்தவர் வீட்டுக்குப் போய்ப் படம் கேட்டு வாங்கி வரும் வேலை. 'எமதூதி வர்றா' என்று ஊரில் சொல்வார்கள். பாவி மகள் தலையைக் குனிந்துகொண்டே போய் வந்தாள். பேனா போய்க் கணினி வந்தது, கணினி போய்க் கைப்பேசி வந்தது. அவள் மட்டும் இருந்தாள்.

அடுத்த மாதம் ஓய்வு என்றிருக்கையில், தனியாகக் கணவாய் மீன் பிடிக்கப் போன தெத்சுஜியின் படகைக் காணோம். நாளிதழில் பக்கம் வடிவமைக்கும் ஒகூரா இணையத்திலிருந்து அவர் படத்தை எடுத்துச் செய்தியோடு வைத்துவிட்டான்.

"வீட்ல கேட்டியா?"

"எதுக்குக்கா? ஊரே பாக்குற படம்தானே."

தோமியே கிளம்பிப் போனாள். தெத்சுஜியின் மனைவி ஹருயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"படம் கேக்கத்தானே வந்தீங்க? குடுத்தா அவரு செத்துட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. தர மாட்டேன்."

"சரிம்மா, கேக்கல" என்று சொல்லிவிட்டு, தோமியே வாசலிலிருந்தே ஒகூராவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"படத்தை எடுத்துரு."

"மத்தவன் போடுவான். நாம மட்டும் கோட்டை விடணுமா?"

"முதலாளி கேட்டா என் பேரச் சொல்லு."

மறுநாள் எதிர்ப் பத்திரிகையில் தெத்சுஜியின் முகம் பெரிதாக வந்தது. முதலாளி தோமியேயைப் பார்க்காமலே போனார். கடைசி மாதத்தில் இந்தக் கெட்ட பேர் தேவையா என்று அவளுக்கே தோன்றியது. அந்த மனுஷன் செத்திருந்தால் மறுபடி படம் கேட்டு ஹருயோ முகத்தில் எப்படி முழிப்பது?

மதியம் அவள் துறைமுகத்தில் நின்றிருந்தபோது மீனவர் சங்க ஒலிபெருக்கி கரகரத்தது. எஞ்சின் நின்று, வயர்லெஸும் கெட்டு மிதந்த தெத்சுஜியின் படகை ஒரு சரக்குக் கப்பல் இழுத்து வருகிறதாம். அப்பாடா! தோமியே துறைமுகத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கரையேறிய தெத்சுஜியின் முதுகில் ஹருயோ ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவர் கையில் சோற்றுருண்டையைத் திணித்து, தோமியே பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"இப்ப எடுங்கக்கா. நல்லாப் பெருசாப் போடுங்க."

"முகங்கூடக் கழுவலையே" என்றார் அவர், உருண்டையைக் கடித்துக்கொண்டே.

அதற்குள் ஒகூரா அழைத்துவிட்டான். "அக்கா, படம் கெடைச்சுதா?"

"வீட்டுக்காரியே குடுத்துட்டாப்பா," என்றாள் தோமியே. "கொஞ்சம் பொறு. வாயில இருக்கற சோத்த முழுங்கட்டும்."