மல்லிகைக்குக் கவாத்து

கவாத்து என்ற சொல் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை அதைக் கொண்டுவந்தவர் மாமா, அதாவது என் அத்தையின் புருஷன். யாரிடமும் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு லீவில் தென்காசிக்கு வந்திருந்தார். அப்பா வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து, என் தோளில் ஒரு கம்பைச் சாய்த்து, கொல்லையில் இடது வலது என்று என்னை நடத்துவார். அங்கே காலையிலும் கவாத்து, சாயங்காலமும் கவாத்து என்பார். எனக்கு எது இடது என்பது அப்போது நிச்சயமில்லை. நான் சுவரில் போய் முட்டி நிற்கும்போதெல்லாம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்த லீவில்தான் கிணற்றடியில் ஒரு மல்லிகைப் பதியனை மாமா ஊன்றிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அவர்மேல் கோபம். சேர்ந்து வைத்த பயிரைப் பாதியில் விட்டுவிட்டு, பெண்டாட்டியையும் இங்கே விட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? மாமா ரயிலேறிய அன்று, இனிமேல் அந்த ஆள் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு யுத்தம் பெரிதாயிற்று. மாமாவைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் சேதி வருவது நின்றது. அப்பாவின் கோபமும் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனால் தடையைப் போட்டவருக்கே அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. அண்ணனிடம் வாய் திறந்து கேட்க அத்தைக்கும் தைரியம் கிடையாது.

அந்த மல்லிகையில் ஒரு கொப்பை ஒடிக்கக்கூட அத்தை யாரையும் விடமாட்டாள். அது இஷ்டத்துக்கு வளர்ந்து துவைக்கிற கல்லை மூடியது. தண்ணீர் இறைக்கப் போனால் சேலையைப் பிடித்து இழுத்தது. ஆனால் எல்லாம் இலைதான். பூ வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் ஒரு தலைக்கு வைக்கவும் போதாமல் போனது. “அவுக கை வச்ச செடி, இப்படி ஆகுதே மதினி” என்று அத்தை அம்மாவிடம் சொல்லி அழுதாள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து கை கழுவினார்.

மார்கழி பிறந்திருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டு வந்த அப்பா, ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார்: “புதன்கிழமை காலையில கவாத்து. குத்தாலத்துலருந்து ஆள் வருது. கொல்லையத் தூத்து வைங்க.”

அங்கே ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்க்கிறவரை அப்பா பிடித்திருந்தார். கவாத்து என்பது அவர் சொன்ன சொல். செடியை வெட்டிவிடுவதைக் கழித்துவிடுவது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அடுக்களைக்குள் அத்தை ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

அவள் கணக்கு எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. செங்கோட்டைப் பாதையில் பட்டாளத்து ரயில்கள் போகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். மாமாவின் படை மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து குற்றாலத்தில் தங்கியிருக்கிறது. புதன்கிழமை தென்காசியில் கவாத்து. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அது மாமாதான். இதையெல்லாம்விட, அண்ணன் தன் வாயாலேயே, அவள் காதில் விழும்படி அதைச் சொல்லிவிட்டார். அதில்தான் அவளுக்கு மிகுந்த சந்தோஷம்.

“ஏட்டி, கவாத்து எங்கன நடக்கும்?” என்று என்னைக் கேட்டாள்.

தென்காசியில் எது நடந்தாலும் கோயிலுக்கு முன்னால்தான் நடக்கும். அதைச் சொன்னேன். எனக்கும் பார்க்க ஆசை.

புதன்கிழமை விடியுமுன்பே அத்தை குளித்துவிட்டாள். பெட்டிக்குள் கிடந்த அரக்குப் பட்டை எடுத்து உடுத்தினாள். செடியில் பருவம் தப்பிப் பிடித்திருந்த மொட்டுகளைத் தேடிப் பறித்து வைத்துக்கொண்டாள். தலையை வாரிப் பின்னி, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடியும் வாரினாள். கோயிலுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது கோபுரம் மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக நிற்கும். வாசலில் மட்டும் எப்போதும்போல் காற்று ஆளைத் தள்ளியது. பஜனைக்காரர்கள் பாடிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. பட்டாளம் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்தார். போய்க் கேளுட்டி என்று அத்தை என்னைத் தள்ளினாள். நான் அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். கடைக்கு அனுப்பினாலும் வாய் திறவாத பிள்ளை நான். கடைசியில் அத்தையே கேட்டாள். வெளி ஆம்பிளையிடம் அவள் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“கவாத்து எப்பங்க?”

“கவாத்தா? அது விடியக்காலமே முடிஞ்சிட்டே. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சே” என்றார் அவர்.

அவர் சொன்னது போலீஸ்காரர்களின் காலைக் கவாத்தை. அத்தை இரண்டு கையாலும் தலையைத் தொட்டுக்கொண்டாள். “பாவி, ரெண்டாந் தடவை எதுக்குச் சீவுனேன்” என்று தன்னையே வைதுகொண்டு திரும்பினாள். நடை ஓட்டமாயிற்று. பட்டுச்சேலை தடுக்க, தெருவில் ஆட்கள் பார்க்க, என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வாசலில் பெரிய தோல் செருப்பு ஒன்று கிடந்தது. கொல்லையில் ஆம்பிளைப் பேச்சு கேட்டது. அத்தை நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு உள்ளே போனாள்.

கிணற்றடியில் துவைக்கிற கல் பளிச்சென்று தெரிந்தது. மல்லிகை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் நின்றன. ஒரு இலை கிடையாது. கையில் பெரிய கத்தரியோடு இருந்தவர், “முடிஞ்சது அண்ணாச்சி. இனிமே பாருங்க” என்றார். வெட்டிய கொப்புகளை அப்பா சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் தங்கையைப் பார்த்தார். பட்டுச்சேலையைப் பார்த்தார். தலையில் இருந்த மொட்டுகளைப் பார்த்தார்.

“இதுவா அண்ணே கவாத்து?” என்றாள் அத்தை.

“ஆமாம்மா” என்றார் அப்பா. அம்மா ஓடிவந்து அத்தையைத் தோளோடு சேர்த்து உள்ளே கூட்டிப்போனாள். அப்பா வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டு இறைத்து இறைத்துச் செடிக்கு ஊற்றினார். இப்பம் தண்ணி வேண்டாம், வேர் காயட்டும் என்று தோட்டக்காரர் எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. அவ்வளவு தண்ணீரில் செடி அழுகாமல் பிழைத்ததே பெரிய காரியம்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மதினி சுவர் வழியாக எட்டிப் பார்த்து, “யாருக்கு நேந்து மொட்டை போட்டிய?” என்று கேட்டாள். “குத்தாலநாதருக்கு” என்றாள் அத்தை. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அந்தக் குச்சிகளைப் பார்த்தால் அழுகை வந்தது.

பங்குனியில் அது பூத்தது. குச்சியெல்லாம் மறைந்து, இலைக்கு இடமில்லாதபடி மொட்டு வைத்தது. சாயங்காலம் பறிக்க உட்கார்ந்தால் இருட்டும்வரை பறிக்கலாம். அத்தை கட்டிக் கட்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். அப்பா வெளியே போகும்போது கிணற்றடிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

யுத்தம் முடிந்து, நாலா பக்கத்து ஊர்களுக்கும் ஆட்கள் திரும்பினார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. இல்லை என்ற சேதியும் வரவில்லை. அத்தை பூ வைப்பதை விடவில்லை. அப்பாவும், ஊரில் யார் என்ன சொன்னாலும், அவளை விடச் சொல்லவில்லை.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்ததும், அப்பா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை கேட்பாள்: “அண்ணே, கவாத்து எப்ப?”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிடுவார். பிறகு, “வரும்மா. வராம எங்க போகப்போகுது” என்பார்.

வெட்டுகிற மாதம்தான் எல்லோருக்கும் தெரியுமே, இதை எதற்கு வருஷா வருஷம் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் செடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.