ஐந்து வேட்டுதான் கேட்டது

இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பாவைச் சாது என்று சொல்லாதவர் உங்களில் யாருமில்லை. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் நாளில் நானும் அதையே நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். மனசு கேட்கவில்லை.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், ஏரிக்கு நடுவே இருக்கும் கல்மேட்டில். மழைக்காலத்தில் அது தீவாகிவிடும். பரிசலில்தான் போய்வர வேண்டும். பலகை பலகையாகப் பிளக்கும் கரும்பாறை. இருபது குடும்பங்கள் அதை உடைத்தே பிழைத்தோம். திருவண்ணாமலையில் பல வீடுகளின் தரையில் கிடப்பது எங்கள் கல்தான். இன்றைக்கு அங்கே ஈ காக்கை இல்லை. ஏன் என்று கேட்டால், அப்பா வேட்டுக் கணக்கைத் தப்பாகச் சொல்லித் தம்பியைச் சாகக் கொடுத்தார், அதில் ஊரே கலைந்தது என்பீர்கள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் பேசுகிறீர்கள்.

வேட்டு எண்ணுவது அப்பாவின் பொறுப்பு. பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு எல்லாரும் மறைவுக்கு ஓடுவோம். அப்பா விரலை மடக்கிச் சத்தத்தை எண்ணுவார். ஆறு துளை என்றால் ஆறு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் வரை யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது.

அன்று ஆறு துளைக்கு ஐந்துதான் கேட்டது. எனக்குப் பதினாறு வயது. கல் சுமக்கப் போயிருந்தேன். மற்றவர்கள் மறுபுறச் சரிவில் மறைந்திருந்தார்கள். இப்போதே இறங்கச் சொல், லோடு போயாக வேண்டும் என்று பாறையைக் குத்தகைக்கு எடுத்தவரின் மேஸ்திரி வந்து நின்றான். அப்பா மறுத்தார். கடப்பாரையால் அவர் முட்டியில் ஓங்கி அடித்தான். விழுந்தவரை அவனுடைய ஆட்கள் மூன்று பேர் மிதித்தார்கள். இரண்டு பல் தெறித்தது. தடுக்கப் போன என்னைத் தலைமயிரைப் பிடித்துப் பாறையில் மோதினார்கள். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அப்பா, "அஞ்சுதான்" என்றார்.

கூச்சல் கேட்டு ஓடிவந்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க அண்ணன வுட்டுடுங்க. நான் எறங்கறேன்."

இறங்கினார். ஆறாவது வெடித்தது. சித்தப்பாவைக் கோணியில்தான் அள்ளினோம்.

மாசமாக இருந்த சித்தியின் அண்ணன் தம்பிகள் அரிவாளோடு பரிசலில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் கணக்குப் பிசகிவிட்டது என்று அந்தப் பாவி மேஸ்திரி முந்திக்கொண்டான். அப்பா, ஆமாம், என் தப்புதான் என்று தலையாட்டினார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அரிவாள் அப்பா மேல் திரும்பியது. பேரப்பிள்ளைகளிடம் மிஷினில் போனதாகச் சொன்ன மூன்று விரல்களும் அன்று போனவைதான். எங்கள் ஆட்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். குடிசைகள் எரிந்தன. போலீஸ் வந்து மிச்சமிருந்தவர்களை அடித்தது. விரலை வெட்டியவர்கள் பேரை அப்பா சொல்லவில்லை. ஒரே வாரத்தில் மேடு காலி.

ஏன்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு சண்டை போட்டேன்.

"நெசத்த சொல்லியிருந்தா அவனுங்க மேஸ்திரிய வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பானுங்க. புள்ளத்தாச்சிய யார் பாக்கறது? எனக்கு வுழுந்த அடிய நிறுத்தத்தான தம்பி எறங்கனான்? அது என் பாவம்தான். நான் இருக்கறவரைக்கும் வாயத் தொறக்காத."

அதன் பிறகு வேங்கிக்காலில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. கல்தூசி நெஞ்சில் தங்கி, மூச்சுக்குத் திணறித்தான் போனார். சித்தி முகம் பார்க்கக்கூட வரவில்லை.

கடைசி மாதங்களில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்களுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்காகப் புருஷனைப் பறிகொடுத்த சித்திக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன், இதுவரை எழுதியதை அவர் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். முடித்ததும் பளாரென்று என் கன்னத்தில் அறைந்தார். இத்தனை வருஷம் நீயும் வாயை மூடிக்கொண்டிருந்தாயே என்று கேட்டார். வாங்க வேண்டிய அறைதான். உன் அப்பா பிணத்தைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"திதி அன்னிக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல எலை போடு. நான் வந்து படைக்கிறேன்."