விளக்குமாறு படாத வளைவு

ஐம்பதுகளில் ஓசூர் - கிருஷ்ணகிரி ரோட்டுக்குத் தார் போட்ட ஆட்களில் நானும் ஒருத்தி. குருபரப்பள்ளிப் பக்கத்து வளைவில் என் அண்ணனின் கால் ஒடிந்தபோது ஊரே லாரிக்காரனைத் திட்டியது. நான் திட்டவில்லை. அந்த வளைவைப் பெருக்கியவள் நான்தான்.

தார் ஊற்றி, மேலே பொடி ஜல்லி இறைப்போம். அது தாரில் பதிந்து சொரசொரப்பாக நிற்க, நாலு நாளாவது அதன்மேல் வண்டிகள் ஓட வேண்டும். எங்களுடையதோ ராகிக் களம் மெழுகிப் பழகிய கைகள். தரையில் ஒரு கல் உதிரியாகக் கிடந்தாலும் மானம் போய்விடும். பெரிய இஞ்சினியர் பார்வையிட வருகிறார் என்று மேஸ்திரி சொன்னதும், போட்ட மறுநாளே ஜல்லியை ஒன்றுவிடாமல் ஓரத்துக்குத் தள்ளினேன். ரோடு கண்ணாடியாய் மின்னியது. "கை வேலைன்னா இது!" என்றார் மேஸ்திரி. பூரித்துப் போனேன், மடச்சி!

முதல் மழையிலேயே ஒரு லாரி, பிரேக் போட்டும் நிற்காமல் வழுக்கி வந்து அண்ணனின் மாட்டுவண்டியில் மோதியது.

இஞ்சினியர் மறுபடி வருவதாகச் சேதி வந்தது. அன்று உச்சி வெயிலில் தார் இளகியிருந்தது. ஓரத்து ஜல்லியை அள்ளிப் பாதி வளைவுக்கு இறைத்தேன். போன பஸ்களெல்லாம் அதை அழுத்திக் கொடுத்தன. மேஸ்திரி ஓடி வந்தார்.

"ஏம்மே, தொரை வர்ற நேரத்துல இதென்ன கோலம்? கூட்டித் தள்ளு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத!"

"வரலீங்க. ஆனா இதுமேல எவன் வெளக்குமாறு வெச்சாலும், அதாலயே அவனுக்கு விழும்!"

மறுநாள் இஞ்சினியர் ஜீப்பை விட்டு இறங்கி, ரோடு ஏன் பாதி இப்படி, பாதி அப்படி என்று கேட்டார். நான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குடம் தண்ணீரைக் கொட்டினேன்.

"தொரை, வெரசா நடந்து பாருங்க."

சிரித்துக்கொண்டே நடந்தார். மின்னிய பக்கத்தில் அவர் பூட்ஸ் சர்ரென்று வழுக்கியது. மேஸ்திரி பாய்ந்து தோளைப் பிடித்தார். ஜல்லிப் பக்கத்தில் ஓங்கி உதைத்தும் கால் நகரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"மிச்சத்துக்கும் போடச் சொல்லு. பதியற வரைக்கும் யாரும் பெருக்கக் கூடாது" என்றார்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே ஜல்லிக் கூடையை நீட்டினார்.

வீட்டில் அண்ணன் காலுக்கு மூங்கில் பத்தை கட்டிப் படுத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வுழுந்தாரா?"

"இல்லண்ணா. மேஸ்திரி புடிச்சுக்கிட்டாரு."

"குடுத்து வெச்சவரு" என்று தன் காலைப் பார்த்தான்.