என் பெண் ஆடிய பந்துகளின் கணக்கு

இந்த ஊரில் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள். மெல்பர்னுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. என் மகள் நிலா ஆடும் சிறுமிகள் கிரிக்கெட் குழுவுக்கு நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் மற்ற அம்மாக்கள் காபிக் கோப்பையோடு அரட்டை அடிக்க, நான் மடக்கு நாற்காலியில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் முடிந்ததும், யாரும் கேட்காமலேயே, பதினோரு பேரையும் ரன் வாரியாக ரேங்க் போட்டு, முதல் மூன்று பெயருக்கு மஞ்சள் பூசி, பயிற்சியாளர் லிசாவிடம் நீட்டினேன். மந்தைவெளியில் பள்ளிக்கூடம் போனவளுக்கு வேறென்ன தெரியும்? நிலாதான் பதினோராவது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

லிசா மஞ்சளைப் பார்க்கவே இல்லை. கடைசிப் பெயரில் விரலை வைத்து, "இவள் இதுவரை எத்தனை பந்து ஆடியிருக்கிறாள்?" என்று கேட்டாள். குழுவிலிருந்து எடுக்கப் போகிறாள் என்று பயந்து, "வீட்டில் நன்றாகப் பயிற்சி கொடுக்கிறேன், இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குழறினேன். லிசா விழித்தாள். தேடிப் பார்த்தால் நிலாவுக்குக் கிடைத்தது மொத்தமே ஒன்பது பந்து. "ஒன்பது பந்தில் யாரால் என்ன கற்றுக்கொள்ள முடியும்?" என்றாள். அன்றிலிருந்து ரன்னுக்குப் பக்கத்தில் ஒவ்வொருத்தியும் ஆடிய பந்து, வீசிய ஓவர் எல்லாம் எழுதுகிறேன். யாருக்குக் குறைவோ, அடுத்த வாரம் அவள்தான் முதலில் இறங்குவாள்.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் பெற்ற மகளைப் பார்த்து.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் நான் ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஆள் சரியாக இருக்கும், நான் உபரி. இரண்டு அணிக்கும் பந்து பொறுக்குவேன், சாக்கடையில் கை விடுவேன், மாடி வீட்டு மாமியிடம் திட்டும் வாங்குவேன். பேட் கேட்டால், "லாஸ்ட்ல தர்றேன்மே" என்பான் என் அண்ணன் சேகர். அந்த லாஸ்ட் வருவதற்குள் இருட்டிவிடும். ஒரே ஒரு நாள், ஒருவன் டியூஷனுக்கு ஓடியதால் பேட் என் கைக்கு வந்தது. முதல் பந்தே சுவரில் கரியால் கிழித்திருந்த ஸ்டம்ப்பில் பட்டது. "போதும்மே, குடு" என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டான். அதோடு சரி. அப்போது எனக்கு நிலாவின் வயது.

போன சனிக்கிழமை நிலா முதலில் இறங்கினாள். இரண்டாவது பந்திலேயே போல்டு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சுச் சுளையை மென்றபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பால்தான்மா. கரெக்டா எழுதிக்கோ. அடுத்த வாரமும் நான்தான் ஃபர்ஸ்ட்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவுட்டாகிவிட்டு இப்படிச் சிரிக்க ஒருத்தியால் முடிகிறதே! அவள் பெயருக்கு எதிரே சைபர் போட்டேன்.

மறுநாள் மதியம் அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. அவன் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறான்.

"அண்ணா, சின்ன வயசுல நான் எத்தினி பால் ஆடியிருப்பேன்?"

"இன்னாமே கேள்வி இது? டெய்லி எங்க கூடத்தானே ஆடிக்கினு இருந்தே. நீ இல்லாம ஒரு மேட்ச் நடந்துகீதா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் ஞாபகத்தில் நான் நிஜமாகவே ஆடியிருக்கிறேன். அவனுக்குப் பின்னால் சந்தில் பையன்கள் கத்துவது கேட்டது.

"அங்க பொண்ணு எதுனா நிக்குதா பாரு."

ஜன்னல் திறக்கும் சத்தம். "ஒண்ணு கீது. பந்து பொறுக்கிக்கினு கீது."

"அதுக்கு ஒரு ஓவர் குடுக்கச் சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "நெஜமாத்தாண்ணா" என்றேன். பிறகு, "டேய், அந்தப் பாப்பா கையில பேட்டக் குடுங்கடா! ஒரு ஓவர் ஃபுல்லா!" என்று வெளியே பார்த்துக் கத்தினான்.

போனில் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. இங்கே கொல்லைப்புறத்தில் நிலா பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் அவள் ஆட்டம், மறு காதில் இவள் ஆட்டம். இரண்டு பேர்மேலும் பொறாமையாக இருந்தது எனக்கு.