மகளின் கட்டிலில் ஒரு போர்க்கப்பல்

எனக்குக் கோபம் வந்தால் வாயில் வருவதைப் பேசிவிடுவேன். பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் தெரியாது. ஆரணியில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அவள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

டிப்ளமோ முடித்தவள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கடற்படைக்கு எழுதிப்போட்டு, பரீட்சை, ஓட்டம், மருத்துவச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டு, வேலைக்கான கடிதத்தை என் முன்னால் நீட்டினாள். எங்கள் குடும்பத்தில் கடலைப் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான். அதுவும் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "போறதானா போ. அப்பறம் என்கிட்ட பேசாத, இந்த வாசப்படி மிதிக்காத" என்று கத்திவிட்டேன்.

வேறு பெண்ணாக இருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் "பசிக்குதும்மா" என்று வந்து நின்றிருக்கும். என் வயிற்றில் பிறந்தது அப்படி வருமா? "சரி" என்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பயிற்சி முடித்துக் கப்பலிலும் ஏறிவிட்டாள். அவள் அப்பாவின் போனுக்குத்தான் அழைப்பாள். நான் பேசமாட்டேன், அவளும் கேட்கமாட்டாள். இன்னும் ஒரு மாதம் போனால் ஒரு வருஷம் என்ற கணக்கில் எங்கள் வீம்பு வளர்ந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்ப்பது பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் கடையில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்போம். தறிக்கு மேலே வரிசையாகத் தொங்கும் அந்த அட்டைகளின் ஓட்டைகள்தான் எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும். என் வீட்டுக்காரர் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். அவருக்குக் கோபமே வராது. அந்தப் பங்கையும் சேர்த்து ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி சும்மா கேட்டாள்: "உங்க பொண்ணு கப்பல்ல எங்கக்கா இருக்குது, மேலயா கீழயா?"

"நடுவுல" என்று அடித்துவிட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. முந்தானையில் இருக்கிற மயிலுக்கு எத்தனை இறகு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெற்ற பெண் எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறாள், எங்கே நின்று காற்று வாங்குகிறாள் என்று தெரியவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது. அது ஒன்றைத் தவிர வேறு எதுவானாலும் செய்யத் தயாராக இருந்தேன். கப்பலையே கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது பேசுவதைவிட அது சுலபமாகத்தான் பட்டது.

அவள் ஏறிய கப்பலின் படம் நெட்டில் கிடைத்தது. பக்கவாட்டில், தெளிவாக இருந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்து, பேனர் அடிக்கும் கடையில் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். ஐந்தேகால் அடி வந்தது. வீட்டில் அவ்வளவு நீளத்துக்குச் சும்மா கிடந்தது அவளுடைய கட்டில் ஒன்றுதான். சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, மேலே பலகை விரித்தேன்.

"இன்னாம்மே, பொண்ணு கட்டில்ல போய்!" என்றார் வீட்டுக்காரர்.

"வந்து படுக்கறவளா அவ? சும்மாத்தானே கிடக்குது" என்றேன்.

தெர்மோகோலை அறுத்து உடம்பு செய்தேன். அதன்மேல் ஓட்டை அடிக்காத ஜக்கார்டு அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினேன். முன்னால் கூராகவும் அடியில் உள்வாங்கியும் வருகிற வளைவு என்னை ஒரு மாதம் ஆட்டிவைத்தது. மூன்று முறை பிய்த்து ஒட்டினேன். பிறகு பட்டி பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வீடு முழுக்க வெள்ளைத் தூள். தறியில் இருந்த அரக்குப் புடவைமேல் அது படிந்தபோதுதான் என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "தே, போதும்மே" என்றார். அவ்வளவுதான் அவருக்கு உயரும்.

பெயின்ட் விஷயத்தில் தெருவே வந்து கூடிவிட்டது. சாம்பல் நிறம் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் பத்தாது. எலிக் கலரா, யானைக் கலரா என்று இரண்டு கட்சி. எதிர்வீட்டுக்காரி எலிக் கட்சி. "யானைக் கலரு போட்டா கப்பல் கிழடா தெரியும்க்கா" என்றாள். "அப்டியே கீழ ஒரு ஜரிகைக் கோடு வுடுங்க, சோக்கா இருக்கும்" என்றும் ஒரு யோசனை. "சண்டைக்குப் போற கப்பலுக்கு எதுக்குடி ஜரிகை, சீர் வரிசையா எடுத்துகினு போவுது?" என்று விரட்டினேன். கடைசியில் எலிதான் ஜெயித்தது. பைக்குக்குப் பெயின்ட் அடிப்பவரிடம் கொடுத்துப் புகையாக அடித்து வாங்கினோம்.

உச்சியில் சுற்றுகிற ராடாருக்கு வலை வேண்டியிருந்தது. டீ வடிகட்டியை வெட்டிவிட்டேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் டம்ளரில் மிதந்த தூளைப் பார்த்துவிட்டு, கப்பலைப் பார்த்துவிட்டு, ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

கப்பல் ஓரம் முழுக்கக் கம்பி வேலி ஓடும். ஆள் கடலில் விழாமலிருக்க. என் மகள் கைவைத்து நிற்கிற வேலி என்பதால் அதை மட்டும் ஏனோதானோவென்று செய்ய எனக்கு மனம் வரவில்லை. இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு மாதிரியான பழைய தறி அச்சிலிருந்து எஃகுப் பற்களைப் பிடுங்கி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டு, மூன்று வரிசைப் பட்டு இழை இழுத்துக் கட்டினேன். மழை நாளில் பட்டு தொய்யும் என்று எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும். நான் என்ன புத்தியில் இருந்தேனோ, அடைமழையில் உட்கார்ந்து விறைப்பாகக் கட்டினேன். வெயில் வந்ததும் இழை இறுகி, கம்பமெல்லாம் டாஸ்மாக்கிலிருந்து வருகிற வரிசை மாதிரி சாய்ந்து நின்றது. எல்லாவற்றையும் அறுத்து மறுபடி கட்டினேன். என் வீட்டுக்காரர் சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

படத்தில் சரியாகத் தெரியாத இடங்களைக் கேட்க அவரைத்தான் தூது விட்டேன். போன் வந்ததும் பக்கத்தில் நின்று தொடையில் கிள்ளினேன்.

"ஏம்மா, உங்க கப்பல்ல பின்னால எத்தனி கதவு கீது?" என்றார்.

"ப்பா, அதெல்லாம் போன்ல கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. யாரு கேக்கச் சொன்னாங்க? புது ஆளுங்க யாராவது வந்து உன்கிட்ட பேசிகினு இருக்காங்களா?"

"இல்லம்மா, சும்மாதான்..." மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. கால் மணி நேரம் அவருக்கு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் வைத்தாள். "இன்னொரு வாட்டி கேட்டா என்னையே புடிச்சுக் குடுத்துடுவா. ஆள வுடும்மே" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் வாயே திறக்கவில்லை.

படத்தில் தெரிந்த பக்கம் முடிந்தது. மறுபக்கத்துக்கு நான் யோசிக்கவே இல்லை. புடவைக்கு ஒரு கரையை வரைந்தால் மறுகரையை யார் தனியாக வரைகிறார்கள்? ஒரு விசையைத் தட்டினால் திருப்பியபடி வந்து நிற்கும். இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கப்பலுக்கும் கையாலேயே அதைச் செய்தேன். படத்துப் பக்கம் நடுவில் ஒரு படகு தொங்கியது. எதிர்ப்பக்கமும் ஒரு படகு. கை பழகிவிட்டதால் இரண்டாவது படகு முதலாவதைவிட அழகாக வந்தது. உட்காரும் பலகை, கயிறு, சின்ன மோட்டார் எல்லாம் வைத்து, அது ஒன்றுக்கே மூன்று வாரம் ஆனது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நெசவு வீட்டுக்காரர்கள். ரெண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்கிறது என்றுதான் பாராட்டினார்கள்.

கப்பல் முடியும் நேரத்தில் அவளுக்கு லீவு கிடைத்தது. பத்து நாள். வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சேத்துப்பட்டுல அவ அத்த வூட்லயே தங்கிக்கிறாளாம். வந்தா அம்மாக்கு பேஜாரு, வேணாம்பா அப்டின்றா."

"தங்கட்டும். இங்க யாரு வெத்தல பாக்கு வச்சுகினு காத்திருக்கா?" என்றேன். வாய்தான் சொன்னது. சாதம் வடிக்கப் போனவள் பாதிச் சோற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். என் மகள் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்து இருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடுவாள். வாசப்படி மிதிக்காதே என்று சொன்னது நான்தான். வா என்று சொல்ல வேண்டியதும் நான்தான். அந்த ஒரு எழுத்து எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பதினொரு மணி வாக்கில் தெருவில் வண்டிச் சத்தம். "அரை மணி நேரம்தாம்ப்பா, பாத்துட்டுக் கிளம்பிடுவேன்" என்று அவள் குரல். சமையலறைக்குள் ஓடி, கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி எடுத்துக் கழுவினேன்.

இருவரும் நேராக அவள் அறைக்குள் போனார்கள். பிறகு, "ப்பா... இத யாரு செஞ்சது?"

"உள்ள நின்னு தண்ணிய வேஸ்ட் பண்ணிகினு கீறாளே, அவளக் கேளு."

ஈரக் கையோடு அறை வாசல் ஓரமாக வந்து நின்றேன். முடியை ஒட்டக் கத்தரித்திருந்தாள். கறுத்து, தோள் அகன்று, வேறு ஆளாக இருந்தாள். குனிந்து அந்த வேலியை விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டே போனாள். ராடாரிடம் வந்ததும் பக்கென்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. அப்படியே கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். போனவள் நின்றுவிட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"இந்தப் பக்கம் படகு கிடையாது" என்றாள், கப்பலைப் பார்த்து.

நான் அவளிடம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இன்னாடி ஒளர்ற? ஒரு பக்கம் இருக்கறது இன்னொரு பக்கம் எப்டி இல்லாமப் பூடும்?"

"கப்பல் என்ன புடவையாம்மா, ரெண்டு பக்கமும் ஒரே கரை போட?"

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அதுவும் ரகசியமா?"

"ஒரு ரகசியமும் இல்ல. கரையில நிக்கிறவனுக்கெல்லாம் தெரியறதுதான். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டில் அருகே போனேன். "அப்போ அந்த எடத்துல இன்னா கீது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல. காலி எடம்." அவளும் குரலை இறக்கிக்கொண்டாள். "கரைக்குக் கிட்ட வந்து சிக்னல் கிடைச்சா, வேல முடிஞ்சு அங்க வந்து நின்னுதான் அப்பாக்கு போன் போடுவேன். காத்துல அப்பா பேசறது பாதி கேக்காது. பின்னால நீ கத்திகினு இருக்கறது மட்டும் நல்லாக் கேக்கும். அது கேக்கற வரைக்கும் வைக்காம நிப்பேன்."

நான் அலமாரிக்குப் போய் அட்டை வெட்டும் கத்தியை எடுத்து வந்தேன். அவளை நகரச் சொல்லிவிட்டு, படகைத் தாங்கியிருந்த அட்டைக் கைகளில் கத்தியை வைத்து அழுத்தினேன்.

"ஐயோ, என்னம்மா பண்ற! எவ்ளோ அழகா இருக்குது!"

"மூணு வாரம்மே!" என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

படகு பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது.

"நீ நிக்கிற எடத்துல படகு எதுக்குடி?" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தாள். "அத்த, நான் இன்னிக்கு வரல. அப்பா வருவாரு, என் பெட்டியக் குடுத்தனுப்பு. ஆமா, லீவு முடியற வரைக்கும் இங்கதான்" என்றாள்.